அப்பம்னா எந்த அப்பம் டீச்சர்? நற்கருணை பத்தி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இலங்கை மலையகத்துல டிக்கோயா பக்கம் ஒரு தேயிலத் தோட்டத்துல பதினாலு வருஷமா ஞாயித்துக்கெழம பிள்ளைகளுக்கு மறைக்கல்வி எடுக்கிறேன். முதல் நன்மை (பூசையில தர்ற நற்கருணை அப்பத்த முதல் தடவ வாங்குறது) வகுப்பு தொடங்குற நேரம் வருஷா வருஷம் அதே கேள்விங்க தான் வரும், பிள்ளைங்க மட்டும் இல்ல, கூட்டிட்டு வர்ற அம்மாமார், வாசல்ல செருப்பு பக்கத்துல நிக்கிற இந்து அண்ணாமார், கல்யாணம் கட்டி மெதடிஸ்ட் குடும்பத்துக்கு போன என் தங்கச்சி எல்லாரும் கேப்பாங்க. வாட்ஸ்அப்ல வாய்ஸ் போட்டு போட்டு தொண்ட போச்சு, அதான் ஒரே எடத்துல எழுதி வச்சிட்டேன். நான் சாமியும் (குருவும்) இல்ல சிஸ்டரும் இல்ல, நான் சொல்றதுல சந்தேகம் வந்தா உங்க பங்குச் சாமிகிட்டயோ பாஸ்டர்கிட்டயோ கேட்டுக்கங்க. கேட்டவங்க எப்படி கேட்டாங்களோ அப்படியே கேள்விய போட்டிருக்கேன்.

1. டீச்சர், பைபிள்ல வர்ற அப்பம் நம்ம கடையில விக்கிற முட்டையப்பம் மாதிரியா?

சிரிக்காதீங்க, வருஷத்துக்கு ஒரு பிள்ளையாவது கேக்கும். போன வருஷம் கேட்ட பொடியன் கடைசி இராவுணவு படத்துல அப்பத்தாச்சி எங்க இருக்குன்னு வெரல வச்சு தேடிட்டு இருந்தான். அது அரிசிமாவும் தேங்காப்பாலும் ஊத்தி சுடுற அப்பம் இல்ல, கோதுமையில செஞ்சது. பைபிள தமிழாக்கினவங்க அப்பம்னு போட்டுட்டாங்க, நமக்கு அந்த சொல்ல கேட்டதும் கட்ட சம்பல் தான் ஞாபகம் வருது, என்ன செய்றது.

நம்ம பேச்சுல அதுக்கு கிட்ட வர்ற சொல் பாண், அதான் பேக்கரி பிரெட். அதுவே போர்த்துக்கீச சொல் தான், 1505ல இங்க வந்து எறங்கினவங்களோடது, பூசையும் பாணும் அவங்க வழியாத்தான் இந்த நாட்டுல பரவிச்சு. ஆனா பாணுன்னு சொன்னாலும் முழுசா சரி வராது, ஏன்னா பாண் ஈஸ்ட் போட்டு பொங்க வச்சது. மத்தேயு, மாற்கு, லூக்கா மூனு பேரும் அது யூதரோட பாஸ்கா பண்டிகை விருந்துன்னு எழுதுறாங்க, அப்படின்னா இயேசு கையில எடுத்தது புளிக்காத அப்பம், மாவும் தண்ணியும் மட்டும் பெசஞ்சு சுட்டது. தேங்காப்பூ போடாத நம்ம வீட்டு ரொட்டிய நினைச்சுக்கங்க, கிட்டத்தட்ட அதான்.

2. இத யார் தொடங்குனது? சாமிமார் பிறகு கண்டுபிடிச்சதா?

இல்ல. இயேசு புடிபடுறதுக்கு முன்னாடி, அதே ராத்திரி, பன்னிரண்டு பேரோட சாப்பிட உக்காந்தாரு. அப்பத்த எடுத்தாரு, நன்றி சொன்னாரு, பிட்டாரு, குடுத்தாரு, இது என் உடல்னாரு. கிண்ணத்த எடுத்து இது என் ரத்தத்தால வர்ற புது உடன்படிக்கைன்னாரு. என் நினைவா இத செய்யுங்கன்னாரு. நற்செய்திங்க எழுதப்படுறதுக்கு முன்னாடியே, கி.பி. 55 வாக்கில, பவுல் கொரிந்து ஊர்க்காரங்களுக்கு எழுதின முதல் கடிதத்துல 11ம் அதிகாரத்துல இது இருக்கு, அதுவும் "நான் வாங்கினத உங்களுக்கு குடுத்தேன்"ன்னு தான் சொல்றாரு, அப்ப அதுக்கும் முந்தியே நடந்துகிட்டு இருந்த வழக்கம்.

பாஸ்கான்னா என்னன்னு தெரிஞ்சா தான் இது வெளங்கும். யூதர்கள் எகிப்துல அடிமையா செங்கல் அறுத்துகிட்டு இருந்தவங்க, ராத்திரியோட ராத்திரியா கெளம்பினாங்க, பெசஞ்ச மாவு புளிக்கிற வரைக்கும் காத்திருக்க நேரமில்ல, அப்படியே சுட்டு எடுத்துகிட்டு நடந்தாங்க. அந்த ராத்திரிய மறக்காம இருக்கத்தான் வருஷா வருஷம் புளிக்காத அப்பம். இத வகுப்புல சொல்லும்போது நான் ரொம்ப வெளக்க வேண்டி வந்ததில்ல. இந்தியாவுல இருந்து கங்காணி (ஆள் சேர்க்கிற மேஸ்திரி) கூட்டிட்டு வந்து காட்டு வழியா நடந்து மலையேறினவங்க பேரப்பிள்ளைங்களுக்கு நடந்து வந்த கதை புதுசா என்ன.

3. சோறு, ஆட்டுக்கறி, பழம்னு எவ்ளோ இருக்கும்போது ஏன் அப்பமும் திராட்ச ரசமும்?

எனக்கு ரொம்ப புடிச்ச கேள்வி இது. முதல்ல லேசான பதில்: அந்த ஊர்ல தெனம் சாப்பிடுறது அப்பம், சந்தோசத்துக்கு குடிக்கிறது ரசம். சங்கீதம் 104ல ரெண்டும் ஒரே வரியில வரும், ரசம் மனுசன் மனச மகிழ வைக்குது, அப்பம் பெலன் குடுக்குது. ஒன்னு பசிக்கு, ஒன்னு பண்டிகைக்கு. ரெண்டும் சேர்ந்தா தான் வாழ்க்க. எங்க அப்பாயி 1970கள்ல விடியிறதுக்கு முன்ன பாண் போலிம்ல (பாண் வாங்குற வரிசையில) நின்னு வெறுங்கையோட திரும்பின கதைய சொல்லும்போது "பாண் தானேன்னு லேசா சொல்லிறாத"ன்னு சொல்லும், அப்பம் ஏன்னு நான் வெளங்கிக்கிட்டது அங்க தான்.

அடுத்தது கொஞ்சம் ஆழம். கடவுள் கோதுமைய தந்தாரு, அப்பத்த தரல. திராட்சைய தந்தாரு, ரசத்த தரல. நடுவுல மனுச கை இருக்கு. கோதுமைய அடிச்சு, பொடைச்சு, அரைச்சு, பெசஞ்சு, நெருப்புல வச்சாத்தான் அப்பம். திராட்சைய மிதிச்சு நசுக்கி புளிக்க விட்டாத்தான் ரசம். தேத்தண்ணியும் செடியில காய்க்கிறதில்லையே, கொழுந்த கிள்ளி, மடுவம்ங்கிற கொட்டகையில எடை போட்டு, பேக்டரியில வாட்டி, ரோலர்ல போட்டு நசுக்கி, செவக்க விட்டு, சூட்டுல காய வச்சாத்தானே வருது. பூசையில காணிக்க நேரம் சாமி சொல்ற செபத்துல "நிலத்தின் விளைவும் மனித உழைப்பின் பயனுமான"ன்னு வரும் கவனிச்சிருக்கீங்களா? அந்த நேரம் பீடத்துக்கு தட்டு கொண்டு போற அக்காமார் கைய பாருங்க, கொழுந்து கற புடிச்சு வெரல் நுனி எல்லாம் கருத்திருக்கும். அந்த வார்த்த அந்த வெரலுக்கு தான் சொல்றாங்கன்னு எனக்கு தோனும்.

இன்னொன்னும் இருக்கு. அப்பம் முழுசா இருந்தா ஒருத்தன்கிட்ட தான் இருக்கும், பிட்டா தான் அடுத்தவனுக்கு போகும். கோதுமை மணி மண்ணுல விழுந்து செத்தா தான் பலன் தரும்னு யோவான் 12ல இயேசு சொன்னதும் தன் சாவ நினைச்சு தான். நசுங்குறது, பிட்டுக்குடுக்கிறது, உயிர் குடுக்கிறது மூனையும் ஒன்னா காட்ட ஆட்டுக்கறியால முடியாது.

4. உடல சாப்பிடு ரத்தத்த குடின்னா என்னமோ மாதிரி இருக்கே, அருவருப்பா இல்லையா?

இத கேட்டது வேற மதத்துக்காரங்க இல்ல, எங்க ஆளு தான். அந்த அருவருப்பு அன்னைக்கே இருந்துச்சு. யூதர்களுக்கு ரத்தம் தொடவே கூடாத சாப்பாடு, லேவியர் 17ல உயிர் ரத்தத்துல இருக்கு அத சாப்பிடாதன்னு கண்டிப்பா இருக்கு. அதனால தான் யோவான் 6ல இயேசு இப்படி பேசினதும் "இது ரொம்ப கஷ்டமான பேச்சு"ன்னு நெறைய சீடர்கள் விட்டுட்டு போயிட்டாங்க. அவரு ஓடிப்போய் "நான் சும்மா சொன்னேன்"னு கூப்பிடல.

அந்த சட்டத்துலயே பதிலும் இருக்கு. ரத்தம்னா உயிர். என் ரத்தத்த குடிங்கன்னா என் உயிர உங்களுக்குள்ள எடுத்துக்கங்கன்னு அர்த்தம். மோசே காலத்துல உடன்படிக்க செய்யும்போது பலி ரத்தத்த மக்கள் மேல தெளிச்சாங்க, அது விடுதலைப்பயணம் 24ல இருக்கு, இங்க தெளிக்காம குடுக்கிறாரு. பிறகு ரோமக்காரங்க காலத்துல கிறிஸ்தவங்க நரமாமிசம் திங்கிறாங்கன்னு வதந்தி பரவிச்சு. கி.பி. 112 வாக்கில பிளினின்னு ஒரு ஆளுநர் விசாரிச்சு பாத்துட்டு அவங்க கூடி சாப்பிடுறது சாதாரண, தீங்கில்லாத சாப்பாடுன்னு சக்கரவர்த்தி டிராஜனுக்கு எழுதினாரு. அப்படி எழுதினவரு அதே கிறிஸ்தவங்களுக்கு மரண தண்டனையும் குடுத்தாரு, அது வேற கதை.

5. சரி, இது வெறும் அடையாளமா, இல்ல நெசமாவே மாறுதா? ஒரே பதிலா சொல்லுங்க.

ஒரே பதிலா சொல்ல முடிஞ்சிருந்தா இத்தன சபை வந்திருக்காது. கத்தோலிக்கருக்கு: சாமி அந்த வார்த்தைய சொன்னதும் அப்பத்தோட உட்பொருள் கிறிஸ்துவோட உடலா மாறிருது, நெறம், ருசி, எடை எல்லாம் பழையபடியே இருக்கும். 1215ல நாலாம் லாத்தரன் சங்கம் (ஆயர்மார் கூடி முடிவெடுக்கிற பெரிய கூட்டம்) இந்த உட்பொருள் மாற்றங்கிற சொல்ல பாவிச்சுச்சு, 1551ல திரெந்து சங்கம் உறுதியா எழுதி வச்சுச்சு. மைக்ரோஸ்கோப்ல வச்சு பாத்தா மாவு தானே தெரியும்னு ஏ.எல். (உயர்தரம்) படிக்கிற ஒரு பொடியன் கேட்டான், ஆமா மாவு தான் தெரியும், கத்தோலிக்க போதனையே அத தான் சொல்லுது.

1500கள்ல கத்தோலிக்கத்துல இருந்து பிரிஞ்ச சீர்திருத்தக்காரங்க தான் லூத்தர், சுவிங்லி, கல்வின். லூத்தர் அப்பம் அப்பமாவும் இருக்கு, அதோடயே கிறிஸ்துவும் இருக்காருன்னாரு. சுவிங்லி இது நினைவுகூரல், அடையாளம்னாரு. ரெண்டு பேரையும் 1529ல ஜெர்மனியில மார்பூர்க்னு ஒரு எடத்துல உக்கார வச்சு சமாதானம் பேச பாத்தாங்க, லூத்தர் மேசையில சோக்கட்டியால "இது என் உடல்"னு எழுதி வச்சிட்டு அந்த வார்த்தைய விட்டு நகர மாட்டேன்னுட்டாரு. பதினஞ்சு விசயத்துல பதினாலுல ஒத்துப்போயி இந்த ஒன்னுல தான் பிரிஞ்சாங்க. கல்வின் நடுவுல நின்னு, கிறிஸ்து ஆவியால உண்மையா தன்னையே தர்றாரு, விசுவாசத்தோட வாங்குறவனுக்கு அது கெடைக்கும்னாரு. நம்ம பக்கம் பெந்தெகொஸ்தே சபைங்க பெரும்பாலும் சுவிங்லி பக்கம், மெதடிஸ்ட் ஆட்கள் அடையாளம்னு மட்டும் சொல்லி நிறுத்த மாட்டாங்க, அருள் கெடைக்கிற வழின்னு சொல்வாங்க.

என் அபிப்பிராயம் ஒன்னு. "வெறும் அடையாளம்"ங்கிறதுல எனக்கு ஒத்துவராதது அந்த "வெறும்". தாலி வெறும் அடையாளம்னு வீட்ல சொல்லிப் பாருங்க.

6. பூசை, நன்மை, திருவிருந்து, இராப்போஜனம், கர்த்தருடைய பந்தி... எத்தன பேர் வச்சிருக்கீங்க?

எல்லாம் ஒரே ராத்திரிய பத்தினது தான். கத்தோலிக்கர் பூசை அல்லது திருப்பலிம்பாங்க, பலிங்கிற பக்கத்த அழுத்தி. அதுல வாங்குறது நன்மை, நற்கருணை. மெதடிஸ்ட், அங்கிலிக்கன் ஆட்கள் திருவிருந்துன்னா விருந்துங்கிற பக்கம். இராப்போஜனம்னா ராத்திரி சாப்பாடு, அவ்ளோதான், போஜனம்ங்கிறது பெரிய சமஸ்கிருத சொல்லா இருக்குறதால பயமா இருக்கு. தோட்டத்துல இந்த எல்லா பேரும் கலந்து கெடக்கிறதுக்கு காரணம் இருக்கு. கண்டியில இருந்து கத்தோலிக்க சாமிமார் ஒரு பக்கம் வந்தாங்க, 1854ல தோட்டத் தமிழாக்களுக்குன்னே தமிழ் கூலி மிஷன்னு அங்கிலிக்கன் ஆட்கள் ஒன்னு தொடங்கினாங்க (பேர பாருங்க, வேதத்துலயும் கூலி), மெதடிஸ்ட் ஆட்கள் 1814லயே இலங்கைக்கு வந்தாச்சு. ஒரே லயத்துல (தொழிலாளிங்க வரிசை வீட்டுல) நாலு காம்பராவுக்கு (அறைக்கு) நாலு சொல்.

7. கோதுமை இந்த நாட்டுல விளையிறதே இல்ல. அரிசியில, குரக்கன்ல (கேழ்வரகுல) செஞ்சா ஆகாதா?

கத்தோலிக்க சட்டத்துல ஆகாது. திருச்சபைச் சட்டம் 924ல அப்பம் சுத்த கோதுமையா, புதுசா செஞ்சதா இருக்கணும், ரசம் திராட்சையில இருந்து வந்ததா, கெட்டுப்போகாததா இருக்கணும்னு இருக்கு. காரணம், இயேசு எத எடுத்தாரோ அத மாத்துற அதிகாரம் எங்களுக்கு இல்லைங்கிறது தான். கோதுமை ஒத்துக்காத நோயாளிகளுக்கு குளூட்டன் ரொம்ப கொறைச்ச அப்பம் பாவிக்கலாம், துளியும் இல்லாதது கூடாதுன்னு 2017ல வத்திக்கான் திரும்பவும் சொல்லிச்சு, அப்படிப்பட்டவங்க ரசம் மட்டும் வாங்கலாம். மத்த சபைங்கள்ல இந்தளவு கட்டுப்பாடு இல்ல, தங்கச்சி சபையில கடைப் பாண வெட்டி வைக்கிறத நானே பாத்திருக்கேன்.

விளையாததுன்னு சொல்றது சரி தான், ஆனா தோட்டத்துல இருக்கிற எங்களுக்கு கோதுமை மாவு அந்நியமா? காலையில ரொட்டி, ராத்திரி ரொட்டி. கப்பல்ல வந்த மாவுல தான் மூனு நாலு தலமுற வளந்திருக்கு.

8. அது ஏன் கடதாசி மாதிரி அவ்ளோ மெல்லிசா, ருசியே இல்லாம இருக்கு?

மாவையும் தண்ணியையும் தண்ணியா கரைச்சு, சூடான ரெண்டு இரும்புத் தட்டுக்கு நடுவுல ஊத்தி அமுக்குவாங்க, தோசையவிட மெல்லிசா வரும், பிறகு வட்ட வட்டமா வெட்டி எடுப்பாங்க. உப்பு, சீனி, எண்ணெய் ஒன்னும் கெடையாது. சின்ன வயசுல சிஸ்டர்மார் வெட்டி மிஞ்சின ஓரத்த காகிதப் பையில போட்டு தருவாங்க, மந்திரிக்காதது தான், அத கடிச்சிட்டே வீட்டுக்கு வருவோம். அப்படி ஒரு ருசியில்லாத ருசி வேற எதுலயும் இல்ல.

புளிக்காம செய்றதுக்கு காரணம் 2வது பதில்ல இருக்கு. ஆனா கிழக்கத்திய ஆர்த்தடாக்ஸ் சபைங்க புளிக்க வச்ச அப்பம் தான் பாவிக்கிறாங்க, பொங்கி எழுந்த மாவு உயிர்ப்ப காட்டுதுன்னு. ரோம் சபையும் கான்ஸ்டான்டிநோப்பிள்ல இருந்த கிழக்கு சபையும் 1054ல சண்ட போட்டப்ப அந்த சண்டையில இந்த ஈஸ்ட் விசயமும் ஒன்னு. பெரிய அப்பம் ஒன்ன சாமி உயர்த்திப் பிடிச்சு ஒடைப்பாரே, கோயில் அமைதியா இருந்தா அந்த "டக்"ங்கிற சத்தம் கடைசி வாங்கு (பெஞ்சு) வரைக்கும் கேக்கும். என் பிள்ளைங்களுக்கு அந்த சத்தத்த கேக்க சொல்லித்தான் பழக்கியிருக்கேன், மத்த நேரம் எங்க வேடிக்கை பாத்தாலும் பரவால்ல.

9. சாமி ரசத்துல தண்ணி ஊத்துறாரே, அளவு கூட்டுறதுக்கா?

கேட்டவரு டவுன்ல பார்ல வேலை செஞ்ச ஒரு மாமா, அவருக்கு அப்படி தான் தோனும். ஊத்துறது ஒரு சொட்டு ரெண்டு சொட்டு. அந்தக் காலத்துல ரசத்த தண்ணி கலக்காம குடிக்கிறது நல்ல பழக்கம் இல்ல, அப்படி வந்தது. அர்த்தம் பிறகு சேர்ந்துச்சு: ரசம் கிறிஸ்து, தண்ணி நாம, கலந்த பிறகு பிரிச்செடுக்க முடியாது. சிலுவையில ஈட்டி குத்தினப்ப ரத்தமும் தண்ணியும் வந்துச்சுன்னு யோவான் 19ல இருக்கு, அதையும் சொல்வாங்க.

10. குடியால எங்க குடும்பம் பட்ட பாடு போதும் அக்கா. கோயில்லயும் அதே போத்தலா?

இத கேட்ட தங்கச்சிக்கு உடனே பதில் சொல்ல எனக்கு வாய் வரல. சம்பளத்தன்னைக்கு சாராயக் கடைக்கும் கசிப்புக்கும் போற காசு எவ்ளோன்னு எங்க எல்லாருக்கும் தெரியும், எங்க வீட்லயும் ஒரு சித்தப்பா அதுலயே போய் சேர்ந்தாரு. பைபிள் ரசத்த சந்தோசம்னு சொல்ற அதே நேரம் குடிவெறிய கடுமையா திட்டுது, ரெண்டும் உண்மை. கோயில்ல பாவிக்கிறது ஒரு வாய் கூட வராது, ஆனா குடிய விட போராடுறவனுக்கு அந்த ஒரு வாயும் பெரிசு தான், அத லேசா பேசக்கூடாது.

வழி இருக்கு. கத்தோலிக்கத்துல அப்பம் மட்டும் வாங்கினா போதும், ஒன்னும் கொறையாது (12ல சொல்றேன்). குடிநோய் உள்ள சாமிமாருக்கு, ஆயர் அனுமதியோட, புளிப்ப நிறுத்தி வச்ச புது திராட்சச் சாறு பாவிக்க விடுறாங்க. மெதடிஸ்ட் ஆட்கள் இன்னும் நேரா போனாங்க. 1869ல அமெரிக்காவுல தோமஸ் வெல்ச்னு ஒரு மெதடிஸ்ட் பல் டாக்டர், திராட்சச் சாற சூடாக்கி அது புளிக்காம இருக்க வழி கண்டுபிடிச்சாரு, எதுக்குன்னா திருவிருந்துல பாவிக்க. இன்னைக்கு கடையில போத்தல்ல விக்கிற திராட்ச ஜூஸோட கதை அங்க இருந்து தான் தொடங்குது. நம்ம நாட்டுலயும் யாழ்ப்பாணத்துல திராட்ச விளையுது, தோலகட்டி ஆச்சிரமத்து நெல்லி ரசம், திராட்ச ரசம்னா தெரியாதவங்க இல்ல.

11. அப்ப போர்ட்டெல்லோ சோடா பாவிச்சா என்ன? அதே கலர் தானே?

கலர் மட்டும் போதாது மகனே. 7வது கேள்விய பாரு. போர்ட்டெல்லோ பூசை முடிஞ்சு வீட்ல குடி.

12. எங்களுக்கு அப்பம் மட்டும் தந்துட்டு ரசத்த சாமி மட்டும் குடிக்கிறது நியாயமா?

பழைய சண்ட இது. கீழ சிந்திரும்ங்கிற பயம், நோய் பயம்னு கொஞ்சம் கொஞ்சமா மக்களுக்கு கிண்ணம் நின்னு போச்சு, 1415ல கொன்ஸ்டன்ஸ் சங்கம் அத சட்டமாவே ஆக்கிருச்சு. அதே வருஷம் அதே ஊர்ல தான் யான் ஹுஸ்னு ஒரு சீர்திருத்தச் சாமிய எரிச்சாங்க, அவரோட செக் நாட்டு ஆட்கள் கிண்ணத்தையே கொடியில போட்டுகிட்டு சண்டைக்கு போனாங்க. பிறகு சீர்திருத்த சபைங்க எல்லாம் ரெண்டையும் எல்லாருக்கும் குடுத்தாங்க.

கத்தோலிக்க விளக்கம், உயிரோட இருக்கிற கிறிஸ்து அப்பத்துலயும் முழுசா இருக்காரு ரசத்துலயும் முழுசா இருக்காரு, ஒன்னு வாங்கினாலும் முழுசு தான். விளக்கம் சரி, ஆனா அடையாளமா பாத்தா ரெண்டும் வாங்குறது தான் முழுமைன்னு திருச்சபையே சொல்லுது, ரெண்டாம் வத்திக்கான் சங்கத்துக்கு பிறகு சில சந்தர்ப்பத்துல குடுக்கவும் செய்றாங்க. கல்யாணப் பூசையில மாப்பிள பொண்ணுக்கு குடுத்தத நீங்களே பாத்திருப்பீங்க.

13. எங்க மாரியம்மன் கோயில் பிரசாதமும் இதுவும் ஒன்னு தானே?

ஒத்துப்போற எடம் நெறைய. ரெண்டுலயும் கும்பிட்டு வாங்குறோம், கீழ போட மாட்டோம், தொரைக்கும் தொழிலாளிக்கும் ஒரே அளவு. பிரசாதத்துல நாம படைக்கிறத அம்மன் ஏத்துக்கிட்டு அருளோட திருப்பி தருது. நற்கருணையிலயும் நாம கொண்டுபோய் வைக்கிறோம், ஆனா திரும்பி வர்றது நாம வச்ச பொருளோட ஆசீர்வாதம் இல்ல, அவரே வர்றாருங்கிறது தான் கிறிஸ்தவங்க நம்பிக்க. அந்த வித்தியாசம் பெருசு. அதனால தான் அடுத்த கேள்வியில கொஞ்சம் சங்கடமான பதில் சொல்ல வேண்டியிருக்கு.

14. நான் இந்து, வைப் கத்தோலிக். வரிசையில நானும் நின்னா சாமி தருவாரா? அந்தோனியார் கோயில்ல பாண் தந்தாங்களே?

அண்ணே, அந்தோனியார் பாண் வேற. அது மந்திரிச்ச சாதாரண பாண், ஏழைங்களுக்கு பாண் குடுக்கிற நேர்த்தியில இருந்து வந்தது, ஜூன் 13 திருவிழாவுல எந்த மதம்னு பாக்காம எல்லாருக்கும் குடுப்பாங்க, தாராளமா வாங்கி சாப்பிடுங்க.

நற்கருணை அப்படி குடுக்க மாட்டாங்க. ஞானஸ்நானம் வாங்கி, முதல் நன்மை எடுத்த கத்தோலிக்கருக்கு தான். நிறைய எடத்துல வரிசையில வந்து ரெண்டு கையையும் நெஞ்சுல குறுக்க வச்சுகிட்டா சாமி நெத்தியில சிலுவ போட்டு ஆசீர்வாதம் குடுப்பாரு, முன்னாடியே கேட்டு வச்சுக்கங்க. கல்யாணத்தன்னைக்கு ஒரே பந்தியில உக்காந்த புருசனும் பொஞ்சாதியும் இங்க பிரிஞ்சு நிக்கிறது எனக்கும் கஷ்டமா தான் இருக்கும். அது ஒரு தண்டன இல்ல, 13ல சொன்ன அந்த நம்பிக்கைய நீங்க இன்னும் சொந்தமா ஏத்துக்கலங்கிறதுக்கு குடுக்கிற மரியாதன்னு தான் நான் எடுத்துக்கிறேன். மெதடிஸ்ட் சபைங்க கொஞ்சம் தாராளம், பாஸ்டர்கிட்ட கேட்டுட்டு போங்க.

15. பக்கத்து காம்பரா ஆளோட பைப் தண்ணிக்கு சண்ட. பேச்சுவார்த்த இல்ல. நன்மை எடுக்கலாமா?

காணிக்கைய பீடத்துகிட்ட வச்சிட்டு போய் முதல்ல சகோதரனோட ஒப்புரவாகுன்னு மத்தேயு 5ல இருக்கு. தகுதியில்லாம சாப்பிட்டா தனக்கே தண்டனைன்னு பவுல் சொன்னத வச்சு நெறைய பேர் பயந்து வருஷக்கணக்கா எடுக்காம இருக்காங்க. அவரு எதுக்கு அப்படி சொன்னாருன்னு மேல ரெண்டு வரி சேர்த்து வாசிங்க. கொரிந்துல வசதியான ஆட்கள் முன்னாடியே வந்து தின்னு குடிச்சு வெறியாயிருவாங்க, வேலை முடிஞ்சு லேட்டா வர்ற ஏழைங்களுக்கு ஒன்னும் மிஞ்சாது. ஒரே அப்பத்த சாப்பிட வந்துட்டு இல்லாதவன அவமானப்படுத்துறீங்களேன்னு தான் கோவம். அவரு கேட்ட தகுதி அது.

சண்டைக்கு: நீங்க போய் பேசுங்க, அவரு கதவ சாத்துனா உங்க பக்கம் முடிஞ்சுது. எங்க லயத்துல ஒரு வாளி தண்ணி நெரப்பி குடுத்து முடிஞ்ச சண்ட எனக்கு தெரியும். ரெண்டு வருஷம் நடந்தது.

16. இயேசு டிக்கோயாவுல பொறந்திருந்தா ரொட்டியும் பிளேன்டீயும் வச்சு தானே செஞ்சிருப்பாரு?

செஞ்சிருக்கலாம். ஆனா அவரு பெத்லகேம்ல பொறந்தாரு, அந்த பேருக்கு எபிரேயத்துல அப்பத்தின் வீடுன்னே அர்த்தம். ஒரு எடத்துல ஒரு நாள்ல நடந்தத நாம நினைவு வைக்கிறோம், அதனால பொருள மாத்துறதுல சபைங்களுக்கு தயக்கம், 7ல சொன்னது தான். ஒரு நெருக்கடியில, ஒன்னுமே கெடைக்காத எடத்துல, ரொட்டியும் பிளேன்டீயும் வச்சு நாலு பேர் செபிச்சா கடவுள் மொகத்த திருப்பிக்குவாருன்னு நான் சொல்ல மாட்டேன். அத பூசைன்னு கூப்பிடவும் மாட்டேன்.

ஆனா நம்ம மலைக்கு இதுல ஒரு பங்கு முன்னாடியே இருக்கு. டிடாக்கேன்னு ஒரு பழைய கிறிஸ்தவ நூல், ஏறக்கொறைய கி.பி. 100 காலத்தது, பல நூற்றாண்டு காணாம போயி 1873ல கான்ஸ்டான்டிநோப்பிள்ல ஒரு கையெழுத்துப் பிரதியா கெடச்சுது. அதுல அப்பத்துக்கு மேல சொல்ற செபம் ஒன்னு இருக்கு: இந்த அப்பம் மலைகள் மேல சிதறிக் கெடந்து, பிறகு ஒன்னா சேர்க்கப்பட்ட மாதிரி, உம் சபையும் பூமியோட நாலு கோடியில இருந்தும் ஒன்னு சேரட்டும். முதல் தடவ வாசிச்சப்ப புத்தகத்த மூடி வச்சிட்டேன். தோட்டத் தமிழாக்கள்ல நெறைய பேர இந்தியாவுக்கு அனுப்புற 1964 ஒப்பந்தத்துக்கு பிறகு எங்க அம்மா கூடப்பொறந்தவங்க மூனு பேர் கப்பலேறி கோத்தகிரி பக்கம் போயிட்டாங்க, ரெண்டு பேர் இங்க. மலை மேல சிதறினதுன்னா என்னன்னு எனக்கு யாரும் விளக்க தேவயில்ல. அங்க மாமா ஞாயித்துக்கெழம பூசைக்கு போவாரு, இங்க நாங்க போவோம், ஒரே அப்பம், நாங்க பலரானாலும் ஒரே உடல்னு பவுல் எழுதினது எங்க குடும்பத்துக்கு அப்படி தான் வெளங்குது.

17. அப்பாயிக்கு நடக்க ஏலாது. கோயிலுக்கு வராதவங்களுக்கு இல்லையா?

இருக்கு, கேட்டா வருவாங்க. இது பிறகு சேர்த்த சலுகையும் இல்ல. கி.பி. 155 வாக்கில யுஸ்தின்னு ஒருத்தர் ரோம்ல ஞாயிறு கூட்டம் எப்படி நடக்குதுன்னு எழுதினாரு, அதுலயே வர முடியாதவங்களுக்கு தியாக்கோன்மார் (சபையில உதவிப் பணி செய்றவங்க) கொண்டு போய் குடுப்பாங்கன்னு இருக்கு. நம்ம நாட்டுல ஜோசப் வாஸ் அடிகளார எடுங்க, ஒல்லாந்தர் சாமிமார தடை செஞ்சிருந்த காலத்துல 1687ல கோவாவுல இருந்து கூலியாள் வேசத்துல வந்தவரு, ராத்திரியில வீடு வீடா பூசை வச்சவரு, 1697ல கண்டியில அம்மை நோய் வந்து சனம் ஓடினப்ப நோயாளிகள விட்டு போகாம நின்னவரு. 2015ல அவர புனிதர் ஆக்கினாங்க.

நீங்க செய்ய வேண்டியது கொஞ்சம் தான். முதல் நாளே பங்குச் சாமிக்கோ நற்கருணை பணியாளருக்கோ சொல்லிருங்க. ஒரு ஸ்டூல், வெள்ளத் துணி, மெழுகுதிரி, ஒரு கிளாஸ் தண்ணி. டீவிய நிறுத்துங்க. ஒரு மணித்தியாலம் சாப்பிடாம இருக்கிற சட்டம் நோயாளிக்கும் வயசானவங்களுக்கும் அவங்கள பாத்துக்கிறவங்களுக்கும் இல்ல, மருந்து எல்லாருமே குடிக்கலாம். முழுங்க கஷ்டம்னா சின்னத் துண்டா பிட்டு, ஒரு கரண்டி தண்ணியோட குடுப்பாங்க.

எங்க அப்பாயிக்கு எண்பத்தேழு வயசு, பல்லு ஒன்னும் இல்ல. மாசம் ஒரு தடவ சாமி லயத்துக்கு வந்து நெத்தி இடிக்காம குனிஞ்சு உள்ள நொழஞ்சு ஒரு கால் துண்டு குடுப்பாரு. அப்பாயி கண்ண மூடி வாயில வச்சு ரொம்ப நேரம் கரைச்சு முழுங்கிட்டு, "உப்பு பத்தல சாமி"ம்பாங்க. ஒவ்வொரு மாசமும். சாமியும் "அடுத்த மாசம் பாப்போம் பாட்டி"ம்பாரு.